நான் வேண்டாம் என்று விட்ட ஒரு வேலையால் யாருக்கு எவ்வளவு நட்டம்?

அச்சுக்கோப்பவன் எழுதியது:

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் தொழில். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாகச் செய்கிறேன். வரிக் கணக்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன், அதனால் வரும் குழப்பமும் என்னுடையதே.

வருடக் கணக்கு முடிய ஐந்து வாரம் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் நாற்பது வருடமாக எழுதிய கடிதங்களைத் தொகுத்து, அவருடைய 90-வது பிறந்தநாளுக்குப் புத்தகமாகக் கையில் கொடுக்க ஆசைப்பட்டார்கள். 240 பக்கம் வரும். ஓரத்தில் கிறுக்கியவை, இடம் போதாமல் குறுக்கே எழுதியவை, நடுநடுவே சின்னச் சின்னப் படங்கள். இதையெல்லாம் பக்கத்துக்குள் உட்கார வைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

காரணம் வரிதான். அந்த வருடம் வருமானம் நன்றாக இருந்தது. இனிமேல் வரும் ஒவ்வொரு நூறிலும் முப்பது வரிக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டதும் தெரிந்தது. ஐந்து வாரம் ராத்திரி கண்விழித்து உழைத்தால் கையில் நிற்பது எழுபது. மனம் வரவில்லை. முழு நூறும் கிடைத்திருந்தால் செய்திருப்பேன், அதை மறைப்பதில் பயனில்லை.

தங்கை வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை உடனே, "பாருங்க மச்சான், வரி என்றால் இதுதான். கூடச் சம்பாதிக்கிறவனிடம் கூடப் பிடுங்கினால் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கடைசியில் ஏழைக்கும் ஒன்றும் கிடைக்காது" என்றார். தங்கை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எழுபது வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல உன்னால் முடிகிறது அண்ணா. எத்தனை பேரால் முடியும்?" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு அமைதியாகத்தான் நடந்தது.

எனக்கு இரண்டு சந்தேகம். நான் வேலை செய்யவில்லை, வருமானம் இல்லை, ஆகவே வரியும் இல்லை. அரசு என்னிடமிருந்து ஒரு காசு வாங்கவில்லை. அப்படியென்றால் இதில் நட்டம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் யாருக்கு? இன்னொன்று, நட்டம் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், மாப்பிள்ளை சொல்வது அதிலிருந்து தானாக வந்துவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சூத்திரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மெதுவாக.


பழைய வாத்தியார் எழுதியது:

பொருளியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை இவ்வளவு ஒழுங்காக எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

முதல் சந்தேகத்துக்குத் தமிழிலேயே பழைய விடை இருக்கிறது: யானை புக்க புலம். யானையைக் கட்டிப்போட்டு, அறுத்த நெல்லைக் கவளமாக உருட்டிக் கொடுத்தால் சின்ன வயல்கூடப் பல நாளுக்கு வரும். அதையே வயலுக்குள் இறக்கிவிட்டால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் அரசனுக்குச் சொன்ன பேச்சுதான் அது. வாய்க்குள் போவது வரி வருவாய். காலில் மிதிபட்டதற்குப் பொருளியலில் டெட்வெயிட் லாஸ் என்று பெயர். யாருடைய பைக்கும் போகாமல் வீணாகும் பங்கு.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொன்ன கூலி 100. அந்தப் புத்தகத்துக்காக அவர்கள் 120 வரை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று வையுங்கள். உங்கள் ஐந்து வார ராத்திரிக்கு நீங்கள் மனசுக்குள் வைத்த குறைந்தபட்ச விலை 75. வரியே இல்லையென்றால் உங்களுக்கு 25 மிச்சம், அவர்களுக்கு 20 மிச்சம், ஆக 45. வரி வந்ததும் உங்கள் கையில் 70. அது 75-ஐவிடக் குறைவு, ஆகவே வேலை நடக்கவில்லை. அந்த 45 எங்கே போனது? உங்களிடம் இல்லை, அவர்களிடம் இல்லை, அரசிடமும் இல்லை. அரசின் கணக்கில் அது பூஜ்யமாகக்கூடத் தெரியாது, ஏனென்றால் நடக்காத வேலைக்குப் பதிவேடு கிடையாது.

இதில் ஒன்று கவனியுங்கள். நீங்கள் 110 கேட்டிருந்தால் வரி போக 77 நின்றிருக்கும். உங்களுக்கும் கட்டுப்படியாகும், அவர்களுக்கும் 10 மிச்சம். அரசுக்கு 33 போயிருக்கும். அப்போது வரிச் சீட்டில் உங்கள் பெயர் இருந்தாலும் அதில் பத்தை அவர்கள் சுமந்திருப்பார்கள். வரி யார் பெயரில் விழுகிறது என்பதும் யார் தோளில் இறங்குகிறது என்பதும் வேறு வேறு. பேரம் பேசாமல் விட்டீர்களே என்று குறை சொல்லவில்லை!

கண்ணால் பார்க்கும்படியான உதாரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஜன்னல் வரி. 1696-இல் வந்தது, 1851 வரை நீடித்தது. ஜன்னல் அதிகமுள்ள வீடு பணக்கார வீடாகத்தானே இருக்கும் என்பது யோசனை. நியாயமாகத்தான் தோன்றியது. 1747-இல் வந்த விகிதப்படி, 10 முதல் 14 ஜன்னல் வரை உள்ள வீட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் 6 பென்ஸ். ஒன்பது வரை ஜன்னலுக்கென்று எதுவும் இல்லை. பத்தாவது ஜன்னலைத் திறந்தால் பத்துக்கும் சேர்த்து 60 பென்ஸ். மக்கள் என்ன செய்தார்கள்? பத்தாவதைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஓட்ஸ், ஷ்வாப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தக் காலத்து வரிப் பதிவேடுகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, சரியாக ஒன்பது ஜன்னலோடு நின்ற வீடுகள் குவியலாக இருந்தன. அடைத்த ஜன்னலால் அரசுக்கு வரியும் இல்லை, வீட்டுக்காரருக்கு வெளிச்சமும் இல்லை. உங்கள் 240 பக்கமும் ஓர் அடைத்த ஜன்னல்தான்.

அப்புறம் ஏழைகள் இருந்த கட்டடங்கள். பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த பெரிய கட்டடத்தை ஒரே வீடாகக் கணக்கிட்டார்கள். ஜன்னல் எண்ணிக்கை ஏறியது, உரிமையாளர் அடைத்தார். பணக்காரரைக் குறிவைத்த வரியால் காற்று இல்லாமல் தவித்தவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டுக்காரர் வரியை மிச்சம் பிடித்தார்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதி விவாதம் தெளியும். விகிதம் இரண்டு மடங்கானால் இந்த வீண் நட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது. சின்ன வரி, விட்டாலும் பெரிய நட்டமில்லாத வேலைகளைத்தான் முதலில் தள்ளுகிறது. விகிதம் ஏற ஏற, அருமையான வேலைகளும் விழத் தொடங்கும். தள்ளுபடியாகும் வேலையின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொன்றின் மதிப்பும் கூடுகிறது, இரண்டும் பெருக்கிக்கொள்கின்றன. வரைபடத்தில் போட்டால் இந்த நட்டம் ஒரு முக்கோணமாகத் தெரியும். அர்னால்டு ஹார்பெர்கர் என்ற பொருளியலாளர் 1960-களில் இதை அளக்கும் முறையைப் பரவலாக்கினார். அதனால் இன்றும் இதை ஹார்பெர்கர் முக்கோணம் என்கிறார்கள்.


பேரேடு எழுதியது:

வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இல்லை, ஓர் எச்சரிக்கை.

ஜன்னல் வரியையும் இன்றைய வருமான வரியையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஜன்னல் வரியில் பத்தாவது ஜன்னல் முந்தைய ஒன்பதையும் வரிக்குள் இழுத்தது. அது பள்ளம். வருமானத்தை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு விகிதம் போடும் ஸ்லாப் முறையில் அப்படி இல்லை. மேல் ஸ்லாபுக்குள் ஒரு காசு நுழைந்தால் அந்த ஒரு காசுக்குத்தான் மேல் விகிதம். கீழே உள்ளதெல்லாம் பழைய விகிதத்திலேயே இருக்கும். அது படிக்கட்டு. "ஸ்லாப் மாறினால் மொத்தச் சம்பளமும் குறைந்துவிடும்" என்று பயந்து சம்பள உயர்வையே தள்ளிப்போடச் சொன்னவர்களை என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை, விளிம்பில் நிற்கும் நூறை, அதாவது கடைசியாக வந்து சேரும் நூறை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் வரிப் பட்டியலில் இருக்காது. வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால் நின்றுபோகும் உதவி, சலுகை, இலவசம் இவற்றில்தான் இருக்கும். இன்னொன்றும் கேட்கிறேன். வருடக் கணக்கை எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது? அதுவும் காலில் மிதிபட்டதில்தான் சேரும். பெரிய வருமானக்காரர் என்னைப் போல ஒருவரை வைத்துக்கொள்வார், அந்தச் செலவு அவருக்குத் தூசு. சின்னத் தொழில் செய்பவருக்கு அதே வேலை வருமானத்தில் பெரிய துண்டைத் தின்னும்.


எதிர்க்காற்று எழுதியது:

ஆக மாப்பிள்ளை சொன்னது சரி என்று எல்லாரும் சுற்றி வளைத்து ஒப்புக்கொண்டாயிற்று. விகிதம் ஏறினால் நட்டம் நான்கு மடங்கு என்கிறார் வாத்தியார். அப்புறம் எதற்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் உயர்ந்த விகிதம்?

அமெரிக்காவில் 1990-இல் ஆடம்பர வரி கொண்டுவந்தார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள உல்லாசப் படகு வாங்கினால், மேற்பட்ட தொகைக்கு 10 சதவீதம். பணக்காரர்கள் என்ன, அழுதுகொண்டே வரி கட்டினார்களா? படகு வாங்குவதை நிறுத்தினார்கள். வேலை போனது படகு கட்டிய தச்சர்களுக்கும் தொழிலாளர்களுக்கும். 1993-இல் படகுக்கான வரியை எடுத்தே விட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே தொகை என்று வைத்துவிடுங்கள். எவ்வளவு சம்பாதித்தாலும் அதே தொகை. விளிம்பில் வரும் நூறுக்கு வரியே இல்லை. இவரும் புத்தகத்தை முடித்திருப்பார், யானையும் வயலுக்கு வெளியே நிற்கும். கணக்குப்படி குறை இருந்தால் சொல்லுங்கள்.


பழைய வாத்தியார் எழுதியது:

கணக்குப்படி குறை இல்லை. அதனால்தான் அது ஆபத்தான யோசனை.

தலைக்கு ஒரே தொகை என்பது வீண் நட்டம் இல்லாத வரி, எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பிரிட்டனில் அதற்கு நெருக்கமான ஒன்றை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். உள்ளாட்சிச் செலவுக்கான சமூகக் கட்டணம், ஸ்காட்லாந்தில் 1989-இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-இல். மாளிகையில் இருப்பவருக்கும் அறை வாடகைக்காரருக்கும் அந்தந்த ஊரில் ஒரே தொகை. மிகவும் இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி உண்டு, ஆனாலும் ஒரு பங்கு கட்ட வேண்டும். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம். கட்டாதவர்கள் ஏராளம். நவம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலகினார், அதற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம். 1993-இல் வீட்டு மதிப்பை வைத்துப் போடும் வரி அதன் இடத்துக்கு வந்தது. நியாயம் என்று மக்கள் ஏற்காத வரியை வசூலிக்கவே தனிச் செலவு ஆகும். அந்தச் செலவை முக்கோணத்துக்குள் வரைய முடியாது.

இதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் ஃபிராங்க் ராம்சே என்ற கணித அறிஞர் வருவார். 1927-இல், 24 வயதில், ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி போட்டால் வீண் நட்டம் குறையும் என்பது கேள்வி. விடை: விலை ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருளுக்கு அதிக வரி. அப்படிப்பட்ட பொருள் எது? உப்பு. மருந்து. யாரால் குறைக்க முடியாதோ அவர்கள் தலையில். பிரான்ஸில் புரட்சிக்கு முன்பு உப்பு வரி அப்படித்தான் இருந்தது. கணித விடை துல்லியம், ஆனால் அந்தக் கேள்வியில் ஏழை, பணக்காரர் என்ற பேச்சே இல்லை. அந்தப் பேச்சை எடுக்காமல் வந்த விடையை அப்படியே சட்டமாக்கினால் உப்பு வரிதான் மிஞ்சும்.

படகுக் கதை நல்ல கதை. ஆனால் 1990, 91-இல் அமெரிக்காவில் பொருளாதார மந்தமும் இருந்தது. படகு விற்காததில் எவ்வளவு வரியால், எவ்வளவு மந்தத்தால் என்று பிரிப்பது லேசில்லை. பாடம் மட்டும் சரி: வாங்குபவர் விமானத்துக்கோ வெளிநாட்டுக்கோ எளிதாகத் தாவ முடிந்தால், தாவ முடியாதவர் தலையில் வரி விழும். அதற்கு மறுபக்கமும் உண்டு. நிலம் தாவாது. ஜன்னலை அடைக்கலாம், நிலத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியுமா? நிலத்துக்குத்தான் வரி போட வேண்டும் என்று ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879-இலேயே எழுதினார். எஸ்டோனியாவில் 1993 முதல் நில மதிப்புக்கு மட்டும் வரி, மேலே கட்டிய கட்டடத்துக்கு இல்லை. நட்டம் குறைந்த வரி என்றால் ஏழைமேல் விழும் வரி என்று பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் மாப்பிள்ளையோடு எனக்கு வழக்கு.

நமது நண்பரிடம் ஒரு கேள்வி. அந்தப் புத்தகத்தை வேறு யாராவது செய்து கொடுத்தார்களா? செய்திருந்தால் நட்டம் நான் சொன்ன 45 இல்லை, அதைவிடக் குறைவு.


அச்சுக்கோப்பவன் எழுதியது:

யாரும் செய்யவில்லை, ஐயா. இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஐந்து வாரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் கடிதங்களை நகல் எடுத்து ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பேரம் பேசத் தோன்றவே இல்லை. அதை நீங்கள் சொன்ன பிறகு கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. என்னோடு புரூஃப் பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் அந்த வேலையை எடுத்திருந்தால் 240 பக்கமும் அவரிடம்தான் போயிருக்கும். என் வரிக் கணக்கில் அவருடைய 240 பக்கமும் போய்விட்டது. இதை முதல் பதிவில் நான் எழுதவே இல்லை, ஏனென்றால் நினைக்கவே இல்லை.

ஆனால் அவரிடமும் ஒரு வினோதப் பழக்கம். சில மாதங்களில் மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் "இந்த மாசம் போதும் தம்பி" என்பார். கூடப் பணம் தருகிறேன் என்றாலும் மாட்டார். கொஞ்சம் சோம்பல் என்றே நினைத்து வந்தேன். பேரேடு எழுதிய அந்தப் 'பள்ளம்' பற்றிப் படித்ததும் வேறு ஏதோ இருக்குமோ என்று தோன்றுகிறது. அவருக்கு அரசு உதவித்தொகை ஏதோ வருகிறது என்பது தெரியும். வேறு எதுவும் தெரியாது.


இரவுப்பணி எழுதியது:

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் அக்கா சோம்பேறி இல்லை. அவர் உங்களைவிடக் கறாராகக் கணக்குப் போடுகிறவர். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். மேற்பார்வையாளர் கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள், நான் ஒதுங்கிக்கொள்வேன். வாங்கினால் அடுத்த மாதம் உதவி குறையும், அதைச் சரிசெய்ய ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும், அந்த ஒரு நாள் கூலியும் போகும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

நம்பர் இல்லாமல் நம்பமாட்டார்கள் என்பதால் நான் பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை. கையில் வரும் சம்பளம் ஒரு பவுண்டு கூடினால் உதவியில் 55 பென்ஸ் குறைப்பார்கள். 2021 கடைசி வரை அது 63 பென்ஸ். இப்போது வருமான வரியும் கட்டும் அளவில் உள்ள ஒருவர் 100 பவுண்டு கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். வருமான வரி 20, தேசிய காப்பீடு 8, மிச்சம் 72. அந்த 72-இல் 55 சதவீதம், அதாவது சுமார் 40, உதவியில் கழியும். கையில் நிற்பது 32 சொச்சம். அதே நாட்டில் உச்ச ஸ்லாபில் இருப்பவருக்கு வருமான வரி 45-ம் தேசிய காப்பீடு 2-ம் போக 53 நிற்கும்.

மேலே இருப்பவரிடம் அதிகம் பிடுங்கினால் வேலையை நிறுத்திவிடுவார் என்று கவலைப்படும் மாப்பிள்ளை, நூறில் 68 இழக்கும் கீழே இருப்பவர் ஏன் வேலையை நிறுத்துகிறார் என்றும் கவலைப்படட்டும். அவருக்கு மட்டும் சோம்பேறி என்று பெயர், இவருக்கு மட்டும் ஊக்கம் குறைந்தவர் என்று பெயர். இந்த வார்த்தை வித்தியாசம் எனக்கு எப்போதும் எரிச்சல்.

நூறுக்கு மேலேயே போன கதையும் உண்டு. ஸ்வீடனில் 1976-இல் குழந்தைகளுக்கு எழுதும் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் தன் வரியைக் கணக்கிட்டுப் பார்த்தார். சொந்தத் தொழில் என்பதால் வருமான வரியும் சமூகப் பங்களிப்பும் சேர்ந்து விளிம்பில் 102 சதவீதம். சம்பாதிக்கச் சம்பாதிக்க நட்டம். அதைக் கிண்டலாக ஒரு கதையாக்கிப் பத்திரிகையில் எழுதினார். அவருக்குக் கதை சொல்லத் தெரியும், கணக்குத் தெரியாது என்ற பாணியில் நிதியமைச்சர் பதில் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆண்ட கட்சி அந்த வருடத் தேர்தலில் தோற்றது. பெரிய எழுத்தாளர் என்பதால் அது செய்தியானது. புரூஃப் பார்க்கும் அக்காவுக்கு நடந்தால் மூன்றாவது வாரத்தோடு வேலை நிற்கும், அவ்வளவுதான்.


எதிர்க்காற்று எழுதியது:

சரி, கீழே இருப்பவருக்கும் விளிம்பு விகிதம் வலிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவியை மெதுவாகக் குறைத்தால் இன்னும் நிறையப் பேருக்கு உதவி போகும், அதற்குப் பணம் மேலேயிருந்து வர வேண்டும். திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிட்டோமே. மேலே எவ்வளவு வரை போகலாம் என்று யாராவது கணக்காகச் சொல்லியிருக்கிறார்களா, இல்லை எல்லாம் உணர்ச்சிதானா?


பழைய வாத்தியார் எழுதியது:

சொல்லியிருக்கிறார்கள். இரவுப்பணி அவர்கள் எழுதியதற்குப் பிறகு என் பாடம் வெளிறித்தான் தெரியும், இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன்.

ஜேம்ஸ் மிர்லீஸ் என்ற பொருளியலாளர் 1971-இல் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தார்: பணம் இருப்பவருக்கு ஒரு நூறு போவது வலிக்கும் அளவும், இல்லாதவருக்கு ஒரு நூறு வருவது உதவும் அளவும் ஒன்றல்ல, அதே நேரம், வரி ஏறினால் மனிதர்கள் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள். அவருக்கு இடதுசாரிச் சாய்வு. உயர்ந்த விகிதங்கள்தான் விடையாக வரும் என்று எதிர்பார்த்தார். அவருடைய எண்கணக்கில் விகிதங்கள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்தே வந்தன. அதை அந்தக் கட்டுரையிலேயே மறைக்காமல் எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். 1996-இல் வில்லியம் விக்ரேயோடு நோபல் பரிசு பெற்றார்.

நாற்பது வருடம் கழித்து, 2011-இல், பீட்டர் டயமண்டும் இம்மானுவல் சாஸும் அமெரிக்காவின் உச்சியில் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு விடைக்கு வந்தார்கள்: 73 சதவீதம். எல்லா வரியும் சேர்த்து, உச்சியிலிருந்து அதிகபட்ச வருவாய் வரும் விகிதம் அது. அச்சுக்கோப்பவன் சூத்திரம் கேட்டாரே, இதோ: ஒன்றுடன் 1.5 பெருக்கல் 0.25-ஐக் கூட்டுங்கள், 1.375 வரும். ஒன்றை அதால் வகுத்தால் 0.73. அந்த 1.5 உச்ச வருமானங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண். 0.25 என்பது, கையில் நிற்கும் பங்கு ஒரு சதவீதம் குறைந்தால் வரிக் கணக்கில் காட்டும் வருமானம் கால் சதவீதம் குறையும் என்பது.

இப்போது 0.25-க்குப் பதிலாக 0.5 வையுங்கள், விடை 57. ஒன்று வையுங்கள், 40. ஆக எதிர்க்காற்றும் அவருடைய எதிரிகளும் சண்டை போடுவதில் பாதி இந்த ஓர் எண்ணைப் பற்றித்தான். அந்த எண்ணும் இயற்கை விதி இல்லை. தப்பிக்க ஓட்டை அதிகம் உள்ள சட்டத்தில் காட்டும் வருமானம் சட்டென்று குறையும், எண் பெரிதாகும். ஓட்டையை அடைத்தால் எண் சிறிதாகும். நமது நண்பரைப் போல நிஜமாகவே வேலையை விடுபவர்களும் உண்டு. வருமானத்தை வேறு பெயருக்கு மாற்றுபவர்களும் உண்டு. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், வயலில் ஒன்றுதான் மிதிபட்டிருக்கும்.

மற்ற பாதி சண்டை கணக்கால் தீராது. ஆர்தர் ஓக்கன் என்ற பொருளியலாளர் 1975-இல் கேட்டார்: இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்கு ஓட்டை வாளியில் பணம் கொண்டுபோகிறீர்கள், வழியில் எவ்வளவு சிந்தினால் நிறுத்துவீர்கள்? சிந்துவதே கூடாது என்பவரும் இருக்கிறார், பாதிக்கு மேல் சிந்தினாலும் போ என்பவரும் இருக்கிறார். எந்தச் சூத்திரமும் அதைச் சொல்லாது, அவரவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வைத்து நியாயமா என்று கேட்காதீர்கள். டென்மார்க்கில் மதிப்புக் கூட்டு வரி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே 25 சதவீதம், உணவுக்கும்தான். அதை மட்டும் பார்த்தால் ஏழைக்கு அநியாயம். அந்தப் பணம் எங்கே திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருமான வித்தியாசம் குறைவாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. உணவுக்கு வரி விலக்கு கொடுத்தால், அதிகம் செலவு செய்து சாப்பிடுபவருக்குத் தொகையாக அதிகம் மிச்சம். பரந்து விழும் மிதமான வரி, கீழே இருப்பவர் கைக்கு நேராகப் போகும் பணம், அந்தப் பணத்தைச் சட்டென்று பறிக்காத விதி. என்னைக் கேட்டால் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். பேரேடு என்னைத் திட்டலாம்.


பேரேடு எழுதியது:

திட்டமாட்டேன் ஐயா. அந்த மூன்றாவதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வரி விகிதத்தை ஓர் இலாகா முடிவு செய்யும், உதவியின் எல்லையை வேறோர் இலாகா முடிவு செய்யும். இரண்டையும் ஒரே தாளில் கூட்டிப் பார்ப்பது அந்த அக்கா மட்டும்தான்.


அச்சுக்கோப்பவன் எழுதியது:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அக்காவிடம் போனேன். பக்கத்துக்கு இவ்வளவு, மாதம் இத்தனை பக்கம், இத்தனையாவது பக்கத்தில் உதவி குறையத் தொடங்கும் என்று கட்டம் போட்டு, இரவுப்பணி சொன்ன மாதிரியே கணக்கு. அவருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பு எனக்கு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். பழக்கதோஷம், இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினார். அப்புறம் கூட்டலில் ஒரு தப்பைக் காட்டினார். "நீ போட்டதைவிடப் பன்னிரண்டு பக்கம் முன்னாடியே வந்துவிடும் தம்பி. பிள்ளையோட பஸ் பாஸை நீ சேர்க்கலை."

அந்தக் கடிதப் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். 240 பக்கம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு மாதமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் பார்த்திருப்பேனே என்றார். இப்போதும் பார்க்கலாமே, பிறந்தநாள்தானே போயிற்று, பெரியவர் இருக்கிறார் இல்லையா என்றும் கேட்டார். நான் அந்தக் குடும்பத்துக்கு எழுதியிருக்கிறேன். 110 கேட்டிருக்கிறேன், வாத்தியார் ஐயா. புது வருடக் கணக்கு இது, இன்னும் கீழ் ஸ்லாபிலேயே இருக்கிறேன்.

கிளம்பும்போது அவருடைய அகராதியை எடுத்துப் பார்த்தேன், ஏதோ ஒரு சொல்லுக்காக. பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு எண். அதை அடித்து அதன் கீழே இன்னொன்று, அதையும் அடித்து இன்னொன்று. ஆறு எண்கள் இருந்தன. விதி மாறும்போதெல்லாம் மாற்றியிருக்கிறார். எல்லாமே பக்க எண்ணிக்கை.